ஏடிஎம் கார்டை அம்மாகிட்ட கொடுத்துட்டு வந்திருக்கீங்களா? முதல்ல இதைப் படிங்க

வேலை சென்னையில் அல்லது பெங்களூரில். வீடு ஒரத்தநாட்டுப் பக்கமோ பாபநாசத்துப் பக்கமோ. சம்பளக் கணக்கோட ஏடிஎம் கார்டு மட்டும் ஊரில், அம்மாவோட பர்ஸில். பின் நம்பர் அந்தக் கார்டு உறைக்குள்ளேயே ஒரு துண்டுச் சீட்டில். உங்க வீட்டிலும் இப்படித்தானா?

ஏன் இப்படின்னு நல்லாவே புரியுது. நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் நேரா வங்கிக் கணக்குக்கு வந்துடும். ஆனா நடவுக்கு வந்தவங்களுக்குக் கூலியை அன்னிக்குச் சாயந்திரமே கையில் கொடுக்கணும். மேட்டூர் திறந்து குறுவை நடவு ஆரம்பிச்சா ஊர் முழுக்க ஒரே சமயத்தில் ரொக்கம் வேணும். அப்பா வயலில் நிற்பார், அம்மா ஏடிஎம் வாசலில் நிற்பாங்க. பின்னால் நிற்கிற யாரோ ஒரு தம்பி "கொடுங்கம்மா, நான் எடுத்துத் தரேன்"னு கை நீட்டுவார். கார்டு மாறிப்போறது அங்கேதான்.

அப்படிப் பணம் போனா வங்கி தருமா? ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் போட்ட உத்தரவு தெளிவா இருக்கு. பின் நம்பரை இன்னொருத்தருக்குக் கொடுத்ததால் பணம் போனால், நீங்க வங்கிக்குத் தகவல் சொல்ற வரைக்கும் போன அத்தனையும் உங்க நஷ்டம். சொன்ன பிறகு போறதுதான் வங்கியோட பொறுப்பு. "எங்கம்மாகிட்டதானே கொடுத்தேன்"னு பாசத்தைக் காரணம் காட்டினாலும் அது பகிர்வுதான்.

அதனால் கார்டைத் திரும்ப வாங்கிக்குங்க. அம்மாவோட சொந்தக் கணக்குக்கு மாசாமாசம் பணம் அனுப்புங்க. அவங்க போனில் யுபிஐ இருந்தா, கார்டே இல்லாமல் ஏடிஎம்மில் எடுக்கலாம்.

இது திடீர்னு வந்ததில்லை. 2019 மார்ச்சில் ஸ்டேட் வங்கி யோனோ கேஷ் கொண்டு வந்தது. ஆனா அது அந்த வங்கி வாடிக்கையாளருக்கு மட்டும்தான். எல்லா வங்கிக்கும் யுபிஐ மூலம் இந்த வசதி வரணும்னு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் அறிவிச்சது. ஹிட்டாச்சி நிறுவனம் 2023 செப்டம்பரில் மும்பையில் யுபிஐ ஏடிஎம்மை அறிமுகம் செய்தது.

செய்முறை சுலபம். மெஷின் திரையில் யுபிஐ கேஷ் அல்லது கியூஆர் கேஷ்னு இருக்கிறதைத் தொட்டு, தொகையைச் சொல்லணும். திரையில் ஒரு கியூஆர் கோடு வரும். அதை ஸ்கேன் செய்து, எந்தக் கணக்குன்னு தேர்ந்தெடுத்து, யுபிஐ பின் போட்டா நோட்டு வெளியே வரும். ஒரு தடவைக்கு உச்ச வரம்பு 10,000 ரூபாய். சில வங்கிகள் இன்னும் குறைவா வெச்சிருக்காங்க. எல்லா மெஷினிலும் இந்த வசதி இருக்காது. அதனால் நடவு நாள் காலையில் தேடி அலையாமல், வீட்டுக்குப் பக்கத்தில் எந்த மெஷினில் இருக்குன்னு முன்னாடியே 500 ரூபாய் எடுத்துப் பார்த்துடுங்க.

இப்போ நான் ரொம்பக் கவலைப்படுற விஷயத்துக்கு வரேன். "பணம் வாங்கணும்னா யுபிஐ பின் போடவே கூடாது"ன்னு அம்மாவுக்கு நாமதான் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கோம். இங்கே பின் போட்டாதான் பணம் வருது! குழம்பத்தானே செய்வாங்க? இப்படி விளக்குங்க: பின் போட்டதும் நம்ம கணக்கில் இருந்து பணம் போகுது, மெஷின் அதையே நோட்டா நம்ம கையில் தருது. விதி மாறலை. ஆனா நோட்டு வர்ற இடம், அந்தக் கியூஆர் எந்த மெஷினில் வந்ததோ அந்த மெஷின்தான். வேற ஒரு ஊரில் ஒருத்தன் மெஷின் முன்னாடி நின்னு, திரையைப் படம் பிடிச்சு வாட்ஸ்அப்பில் அனுப்பி "ஸ்கேன் பண்ணுங்கம்மா, மானியம் வரும்"னா? பின் போடுறது அம்மா, நோட்டை எண்ணுறது அவன். மெஷின் மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரும் அப்படித்தான், தொடவே வேண்டாம். தன் கண் முன்னால், தானே தொகை போட்ட பிறகு திரையில் வர்ற கியூஆர் மட்டும்தான்.

கட்டணம் கார்டுக்கு என்னவோ அதேதான். மற்ற வங்கி ஏடிஎம்மில் சென்னை மாதிரி 6 பெருநகரங்களில் மாதம் 3 முறை இலவசம், தஞ்சாவூரில் 5 முறை. அதைத் தாண்டினா, 2025 மே 1-லிருந்து ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை, ஜிஎஸ்டி தனி.

கணக்கில் கழிஞ்சு நோட்டு வரலைன்னா பதற வேண்டாம். 5 நாளுக்குள் வங்கியே திருப்பிப் போடணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. மெஷின் இருக்கும் வங்கிக்கு அலைய வேண்டாம், கணக்கு இருக்கும் வங்கியில் புகார் கொடுங்க. 30 நாளாகியும் பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், போன் 14448. மோசடின்னா உடனே 1930.

கார்டைத் திரும்ப வாங்கச் சொன்னேனே தவிர, வெட்டிப் போடச் சொல்லலை. பையில் இருக்கட்டும், போன் சார்ஜ் தீர்ந்தா அதுதான் கைகொடுக்கும். ரெண்டுமே உதவாத நாளும் உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையைக் கடந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கமெல்லாம் பல நாள் கரண்ட் இல்லை, டவர் இல்லை. அன்னிக்கு அரிசிப் பானைக்குள் இருந்த ரொக்கம்தான் ஓடினது. இந்த வருஷம் ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள் வீட்டுக்குப் போன் போட்டு, ஒரு வாரச் செலவுக்குச் சில்லறை நோட்டா கையில் இருக்கான்னு கேளுங்க.