வற்றும் குளத்தில் மீன்பிடி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியிலேதான் ஓடும். ஆகவே கோடையில் நன்னீர் மீன்கள் குளங்களின் ஆழ்ந்த மடுக்களில் ஒடுங்குகின்றன. வெப்பமேறிய நீரில் பிராணவாயு குறைகின்றது. 1952-இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியா, விடியற்காலையில் நீர்மட்டத்திலே வாய் திறந்து தத்தளிக்கும். விராலோ செவுளுக்கு மேலமைந்த தனியுறுப்பினால் காற்றையே சுவாசிக்கும். ஈரச் சேற்றினுள்ளும் உயிர் தரிக்கும். புதியவர் தெளிந்த நீரையே துழாவுவர். பழகிய முதியவரோ விரால் மூச்சுக்கு மேலெழுந்து விட்ட குமிழியைக் காட்டுவார். கரப்பைக் கவிழ்க்க வேண்டிய இடம் அதுவே. ஆனால், நேயர்களே, செந்நிறக் குஞ்சுக் கூட்டமொன்று மிதக்கக் கண்டால் கரப்பை எடுத்துவிடுங்கள். அதன் கீழே பெற்றோர் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். அடுத்த மாரியில் குளம் நிறையும், விரால் இராது.