அரை கிராம் குண்டு, அடுப்பில் காய்ச்சிய புழு: தெரியுமா?

அடுப்பில் காய்ச்சிய மண்புழுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1949. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் நகரம். டயர் கம்பெனிகளால் ரப்பர் தலைநகர் என்றே பெயர் வாங்கிய ஊர். அங்கே நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் வினைல், எண்ணெய், சாயம் எல்லாவற்றையும் கலந்து வீட்டு அடுப்பிலேயே காய்ச்சி, அச்சில் ஊற்றி, நெளிகிற ரப்பர் புழு ஒன்றை எடுத்தார்கள். 1951-ல் அது விற்பனைக்கு வந்தது. தபாலில் ஒரு டாலர் அனுப்பினால் ஐந்து புழு! இன்று பாஸ் மீன் பிடிக்கிற எவர் பெட்டியைத் திறந்தாலும் கிடக்கிற மென்பிளாஸ்டிக் இரைகளுக்கெல்லாம் மூதாதை அதுதான்.

அந்தப் பாஸ் மீனின் பெயரே ஒரு கூத்து, தெரியுமா? பிரெஞ்சு விஞ்ஞானி லாசெபெட் 1802-ல் இந்தப் பேரினத்துக்கு ‘மைக்ரோப்டெரஸ்’ என்று பெயர் வைத்தார். ‘சின்னத் துடுப்பு’ என்று பொருள். உண்மையில் துடுப்பு சின்னதே இல்லை. அவர் கைக்கு வந்த மீனின் முதுகுத் துடுப்பு பிய்ந்திருந்தது, அவ்வளவுதான்! பெரிய வாய்ப் பாஸுக்கு ஒட்டிக்கொண்ட பின்பாதி ‘சால்மாய்டஸ்’. சால்மனையும் ட்ரௌட்டையும் ஒத்தது என்று அர்த்தம். அமெரிக்கத் தெற்கில் அந்நாளில் பாஸையே ட்ரௌட் என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டுக்கும் உறவே கிடையாது. 2022-ல் ஆய்வாளர்கள் அந்தப் பெயரைப் பிடுங்கி ஃபுளோரிடா பாஸுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.

சரி, இந்த ரப்பர் புழுவை எப்படிக் கோப்பது? டெக்ஸஸ் முறையைப் பாருங்கள். தூண்டில் முள்ளின் கூரைப் புழுவின் தலையில் அரை சென்டிமீட்டர் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் கழுத்துவரை இழுத்து, திருப்பி, கூரை மறுபடி புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள். முள் வெளியே தெரியாது. பாசி, கோரை, மூழ்கிய மரக்கிளை என்று எதற்குள் எறிந்தாலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மீன் கவ்வியதும் வெட்டி இழுத்தால்தான் கூர் ரப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

இதைவிட எனக்குப் பிடித்தது வாக்கி முறை. புழுவின் நட்ட நடுவில் முள்ளைக் குத்துகிறார்கள், பார்க்கவே தப்பாகக் கோத்த மாதிரி இருக்கும். தூண்டிலை அடிக்கு இறக்கும் குண்டு கிடையாது. எறிந்துவிட்டு என்ன செய்ய வேண்டும் தெரியுமா? ஒன்றும் செய்யக் கூடாது! இரை தயாரிப்பாளர் கேரி யமமோட்டோவின் புகழ்பெற்ற செங்கோ இரையை எடுத்துக்கொள்ளுங்கள். கையும் காலும் வாலும் இல்லாத வெறும் குச்சி. ஒரு பால்பாயின்ட் பேனாவின் உருவத்திலிருந்து பிறந்தது என்பது தூண்டில்காரர்கள் சொல்லும் கதை. பிளாஸ்டிக்கோடு உப்பைக் கலந்திருப்பதால் குண்டே இல்லாமல் மெதுவாக இறங்கும். இறங்கும்போது இரண்டு முனைகளும் தானாகவே துடிக்கும். பெரும்பாலும் மீன் அடிப்பது அந்த இறக்கத்தில்தான். தூண்டில் நரம்பு லேசாகப் பக்கவாட்டில் நகரும், அல்லது விழ வேண்டிய நரம்பு பாதியில் நின்றுவிடும். கைக்கு எதுவும் தெரியாது, கண்ணுக்குத்தான் தெரியும். பொறுமையில்லாதவர் ரீலைச் சுற்றிச் சுற்றியே மீனை விட்டுவிடுவார்.

ஏன் கைக்குத் தெரிவதில்லை? பாஸ் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது! வாயைப் படாரென்று திறந்தவுடன் உள்ளே அழுத்தம் குறைந்து தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடுகிறது. நாம் கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பிடிக்காவிட்டால் துப்புவதும் அதே வேகம்தான். இரை லேசாக இருந்தால் சுலபமாக உள்ளே போகும். லேசான இரையின் ரகசியத்தில் பாதி இதுதான்.

ட்ரௌட்டுக்கு வந்தால் இன்னும் லேசு. ‘ட்ரௌட் மேக்னெட்’ என்ற சின்ன இரையின் குண்டுமுள் ஒரு அவுன்ஸில் 64-ல் ஒரு பங்கு. அரை கிராம்கூட இல்லை. நம் பொற்கொல்லர் கணக்கில் கிட்டத்தட்ட நாலு குன்றிமணி! ஓடும் தண்ணீரில் ட்ரௌட் எதிர்நீச்சலில் நின்றபடி, ஆறு கொண்டுவந்து கொடுப்பதைச் சாப்பிடுகிற மீன். கனமான குண்டு அடியில் கல்லிடுக்கில் உட்கார்ந்துவிடும். நாலு குன்றிமணியோ ஆற்றோடு மிதந்து நேராக அதன் மூக்குக்கே போகும். (நீலகிரிக்காரர்களுக்கு ட்ரௌட் புதிதல்ல. ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சியில் 1907-ல் தொடங்கிய குஞ்சுப் பொரிப்பகம் இந்த மீனுக்காகவே வந்தது.)

ஜப்பானில் தூண்டில்காரர் கூட்டம் அதிகம், ஏரிகளில் தண்ணீரும் தெளிவு, மீன்களோ அடிபட்டு அடிபட்டுத் தேறியவை. அங்கே மெருகேறியதுதான் டிராப் ஷாட் முறை: குண்டு அடியில் தரையைத் தொட, அதற்கு ஒரு சாண் மேலே முள்ளில் புழு அந்தரத்தில் நிற்கும். 1990களின் கடைசியில் அமெரிக்க மேற்குக் கரையில் இது பரவியது. பாஸ் ஜப்பானுக்கு வந்ததே 1925-ல் அமெரிக்காவிலிருந்துதான் என்பது வேடிக்கை. இன்று அங்கே அது அந்நிய ஆக்கிரமிப்பு மீன். பீவா ஏரியில் பிடித்த பாஸைத் திரும்ப விடவே கூடாது. அதே பீவாவில்தான் 2009-ல் மனாபு குரிதா, 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பத்துக் கிலோ பாஸின் உலகச் சாதனையைச் சமன் செய்தார். உண்மையில் குரிதாவின் மீன் 27 கிராம் கூடுதல்! ஆனால் சுமார் 57 கிராமாவது மிஞ்சினால்தான் புதுச் சாதனை என்பது விதி. பெர்ரி தன் மீனை என்ன செய்தார்? வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

கடையில் நூறு நிறம் தொங்குகிறதே, பாஸுக்கு எத்தனை தெரியும்? இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வில் அது சிவப்பையும் பச்சையையும் நன்றாகவே பிரித்தது. பளீர் எலுமிச்சை நிறத்தையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டது. நீலமும் கறுப்பும் அதற்கு ஒன்றுதான். மீதி நிறங்கள் வாங்குகிற மனிதனைப் பிடிக்கத்தான் என்பது என் கட்சி.

இன்னொன்று: எலாஸ்டெக் என்ற தனி வகைப் பிளாஸ்டிக் இரையையும் சாதாரண மென்பிளாஸ்டிக்கையும் ஒரே பெட்டியில் போட்டுவைத்தால், அடுத்த முறை திறக்கும்போது இரண்டும் உருகி ஒட்டிப் பாகாகக் கிடக்கும்!

கடைசியாக ஒரு ஆய்வுக்கூடச் செய்தி. முள்ளிலிருந்து கழன்ற ரப்பர் புழுக்கள் தண்ணீரில் மட்குவதில்லை. தொட்டியில் வளர்த்த புரூக் ட்ரௌட்களுக்கு முன்னால் அவற்றை அடியில் போட்டுவைத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட மீன்கள் தாமாகவே வந்து விழுங்கின. பிறகு சரியாகச் சாப்பிடாமல் எடை குறைந்தன. நரம்பு இல்லை, முள் இல்லை, ஆட்டுவதற்கு ஆளும் இல்லை; புழு சும்மாதான் கிடந்தது.