சுவர் இருந்தால்தான் சித்திரம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். ஓவியம் பழகும் நமக்குக் காகிதமே சுவர். வண்ணத்தையும் தூரிகையையும் யோசித்து வாங்கும் நாம், வரைபுத்தகத்தை மட்டும் அட்டையின் அழகைப் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

நானும் அந்தத் தவற்றைச் செய்தவன்தான். அலோர் காஜா வட்டாரத்தில் நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயன் வீடுகளை, அவை இடிபடுவதற்கு முன் ஒரு மலிவான புத்தகத்தில் வரைந்து வைத்தேன். இன்று வீடுகள் இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது. படங்களும் மஞ்சளேறிப் பழுப்புப் புள்ளிகளோடு கிடக்கின்றன.

எனவே, வாங்கும்போது நான்கைக் கவனியுங்கள்.

முதலாவது, தாளின் எடை. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதே அட்டையில் காணும் ஜிஎஸ்எம் எண். நாம் இடுபணி அச்சிடும் ஏ4 தாள் பெரும்பாலும் 80 ஜிஎஸ்எம். பென்சில், பேனா ஓவியத்திற்கு 100 முதல் 150 வரை போதும். நீர்வண்ணத்திற்கு 200க்குக் குறையக் கூடாது. 300 என்றால் தாள் அதிகம் நெளியாது.

இரண்டாவது, மேற்பரப்பு. பேனாவுக்கு வழவழப்பான தாள் ஏற்றது. பென்சில் தூளும் கரித்தூளும் பிடித்து நிற்கச் சற்றுச் சொரசொரப்பு வேண்டும்.

மூன்றாவது, அமிலமற்ற தன்மை. மரக்கூழில் எஞ்சும் லிக்னின் ஒளியும் காற்றும் பட்டால் மஞ்சளாகும். அமிலமோ தாளின் நாரையே அரிக்கும். வெயிலில் கிடக்கும் நாளிதழைப் பார்த்தாலே இது விளங்கும். ஆகவே, அட்டையில் 'ஆசிட் ஃப்ரீ' என்ற குறிப்பைத் தேடுங்கள். பருத்தித்தாள் நெடுநாள் உழைக்கும், விலை அதிகம். பழகுவோருக்கு அமிலமற்ற மரக்கூழ்த் தாளே போதும்.

நான்காவது, கட்டு. சுருள்கம்பிப் புத்தகத்தை முழுமையாக மடித்து, மடியில் வைத்து வரையலாம். இரு பக்கங்களில் விரியும் படத்திற்கு நூலால் தைத்த புத்தகமே வசதி.

வாங்கிய பிறகு கடைசிப் பக்க மூலையில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். உடனே ஊறி மறுபக்கம் தெரிந்தால், அது நீர்வண்ணத்திற்கு உதவாது. நம் நாட்டு ஈரக்காற்றில் பூசணம் எளிதில் பிடிக்கும். வண்ணம் நன்றாகக் காய்ந்த பிறகே புத்தகத்தை மூடுங்கள்.

1831-32இல் நடந்த நானிங் போரின் நாயகர் டோல் சைட்டின் கல்லறை, தாபோ நானிங்கில் நினைவிடமாகக் காக்கப்படுகிறது. நம் லயன்களுக்கும் பால் கொட்டகைகளுக்கும் அப்படி வேலி போட ஆளில்லை. நண்பர்களே, எஞ்சியிருப்பதை நாமாவது வரைந்து வைப்போம். நிலைக்கும் தாளில் வரைந்து வைப்போம்.