உங்களுக்குத் தெரியுமா? இழை தெரியும், வாசற்படி தெரியாது

ஆரணியில் தறிக்குழிக்குள் உட்கார்ந்து, நல்ல வெளிச்சத்தில் அறுந்த பட்டிழையைப் பிசகாமல் பிணைக்கும் ஒருவர், பொழுது சாய்ந்ததும் தன் வீட்டு வாசற்படியிலேயே தடுக்கி விழலாம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோய் அப்படித்தான் தொடங்கும். விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கென்று இருக்கும் குச்சி செல்கள் முதலில் அழியும். பிறகு பார்வையின் ஓரங்கள் சுருங்கும். நடுப்பார்வை மட்டும் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். "நல்லாத்தானே நெய்யுறான், கண்ணுக்கு என்ன கேடு?" என்று வீட்டார் விட்டுவிடுவது இதனால்தான். உலக அளவில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. தென்னிந்திய ஆய்வுகளில் இன்னும் அதிகமாகவே தென்படுகிறது.

மாலைக்கண் என்றதும் முருங்கைக்கீரையும் பப்பாளியும் நினைவுக்கு வரும். வைட்டமின் ஏ குறைவால் வந்தது என்றால் சத்து சேர்ந்ததும் தெளியும். சத்து சேர்ந்தும் இருட்டில் தடுமாறும் பிள்ளைக்கு விழித்திரைப் பரிசோதனை அவசியம்.

இந்த நோய் பரம்பரையில் வருவதால் உறவுத் திருமணத்தையும் பேச வேண்டும். தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடக்கிறது என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு. முன்னோர் ஒருவரிடமிருந்த ஒரு மரபணுவின் அதே பிரதி, தாய் வழியிலும் தந்தை வழியிலும் வந்து ஒரே குழந்தையிடம் சேரும் வாய்ப்பு, தாய்மாமனை மணந்தால் எட்டில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. பெற்றோர் இருவரும் ஒரே மரபணுப் பழுதை வெளித்தெரியாமல் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். யார்மீதும் பழி போட இதைச் சொல்லவில்லை. ஆனால் ஜாதகம் பார்க்கிற அன்றே, "உங்க பக்கம் யாருக்காவது சின்ன வயசுலேயே கண்ணு போயிருக்கா?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவுக்கு நேர் எதிரான நோயும் இருக்கிறது. வாலிப வயதில், வலியே இல்லாமல், முதலில் ஒரு கண்ணில் நடுப்பார்வை மங்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ மற்றதிலும் மங்கும். தெருவில் நடக்க முடியும், தறியில் இழை தெரியாது. 1871இல் ஜெர்மானிய மருத்துவர் தியோடர் லெபர் விவரித்த பார்வை நரம்பு நோய் இது. 1988இல்தான் காரணம் பிடிபட்டது: செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவில் ஓர் எழுத்து மாற்றம். தாய் வழியாக மட்டுமே இது இறங்கும். பாதிப்பு ஆண்களுக்கே அதிகம், ஆனால் அவர்கள் தம் பிள்ளைகளுக்குக் கடத்துவதில்லை. மாற்றத்தைச் சுமக்கும் எல்லோருக்கும் பார்வை போவதுமில்லை. சுமப்பவர்கள் புகையிலையையும் மதுவையும் விட்டுவிட வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

அரக்குப் பட்டு ஒரு கண்ணுக்குப் பளிச்சென்றும் மறு கண்ணுக்கு வெளிறியும் தெரிகிறதா? கண்ணை அசைத்தால் வலியும் இருக்கிறதா? பார்வை நரம்பு அழற்சியாக இருக்கலாம். மருத்துவர்களும் சிவப்புப் பொருளைக் காட்டிச் சோதிப்பதுண்டு.

கண்ணில் எந்தக் கோளாறும் இல்லாமலே பாதிப் பார்வை போவதுண்டு. மூளையின் இடப் பின்பகுதியில் பக்கவாதம் தாக்கினால் இரு கண்களிலும் வலப் பாதி மறையும்; சேலையின் ஒரு பக்கக் கரை கண்ணிலேயே படாது. பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வளர்ந்து, பார்வை நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்தை அழுத்தினாலோ இருபுற ஓரங்களும் போகும். எழுதத் தெரிந்தும், தான் எழுதியதையே படிக்க முடியாமல் போன ஒருவரை 1892இல் பிரெஞ்சு மருத்துவர் டெஜெரின் பதிவு செய்தார். பக்கவாதம்தான் காரணம்.

ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக ஒளிர்ந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். சீக்கிரம் போனால் உயிரைக் காப்பாற்றலாம், பல சமயம் கண்ணையும்.

சாயமேற்றிய நூல் கண் மருத்துவத்திலும் புழங்கியிருக்கிறது. 1875இல் ஸ்வீடனில் நடந்த ரயில் விபத்துக்கு நிறக்குருடு காரணமாக இருக்கலாம் என்று நினைத்த அந்நாட்டு உடலியல் அறிஞர் ஹோம்கிரன், கம்பளி நூல்களைக் கொடுத்து ஒத்த நிறங்களைப் பொறுக்கச் சொல்லி ரயில்வே ஊழியர்களைச் சோதித்தார்.

பரம்பரைப் பார்வையிழப்புக்கான முதல் மரபணு மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு மட்டும் அது உதவும். அறிமுகமானபோது அதன் விலை இரு கண்களுக்கும் சேர்த்து 8,50,000 டாலர். எந்த நெசவாளர் வீட்டுக்கும் எட்டாத தொகை இது. எட்ட வைக்கும் வழியை அரசுகள்தான் தேட வேண்டும்.

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாகச் சுமார் 40 கி.மீ. போனால் வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) ஷெல் கண் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியதும் அதே சி.எம்.சி.யில்தான். பரம்பரை நோய் என்று சந்தேகம் இருந்தால் கூடப் பிறந்தவர்களையும் அழைத்துப் போங்கள்.