வெளியேற்றப்பட்டோரின் காணியும் காலத்தால் அழியாத உரிமையும்

உடைமை (மில்க்) வேறு, கைவசம் வைத்திருத்தல் (யத்) வேறு என்பது இஸ்லாமியச் சட்டவியலின் அடிப்படைப் பாகுபாடுகளுள் ஒன்றாகும். ஒரு பொருள் ஒருவரின் கைவசம் இருப்பது, அது அவருக்குரியது என்பதற்கு வெளிப்படையான அடையாளமாகக் கொள்ளப்படும். எனினும், உரியவர் தக்க ஆதாரத்தோடு வரும்போது அவ்வடையாளம் வலுவிழந்துவிடும். அமைதியான காலங்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒருவரிடமே இருப்பதால் இப்பாகுபாட்டின் தேவை உணரப்படுவதில்லை. ஒரு சமூகம் தன் மண்ணிலிருந்து துரத்தப்பட்டு, ஒரு தலைமுறை கழித்துத் திரும்பி வரும்போது இது ஏட்டுப் பிரச்சினையாக இருப்பதில்லை. இரு குடும்பங்களுக்கு இடையில் ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்கின்றது. இலங்கையின் வட மாகாண முஸ்லிம்களின் அனுபவம் இதற்குத் தெளிவான சான்றாகும்.

பிணக்குகள் தோன்றிய விதம்

1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் தம் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ் நகரில் ஒக்டோபர் 30 அன்று வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். காணி உறுதிகளைக்கூட எடுத்துவர இயலாதோர் பலர். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியராக விளங்கிய மர்ஹூம் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் அவர்கள், அகதிகளின் இழப்புகளைக் கணக்கிட்டு ஆவணப்படுத்துவதில் பல்லாண்டுகள் உழைத்தது இந்த வெறுமையை நிரப்பவே.

கைவிடப்பட்ட வீடுகள் வெறுமையாக இருக்கவில்லை. சில இடிந்து காடு மண்டின. சிலவற்றில் வேறு குடும்பங்கள் குடியேறின. அக்குடும்பங்களுள் பல போரினால் தாமும் இடம்பெயர்ந்தவை என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1995இல், அதே ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் தம் இல்லங்களை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆகவே இப்பிணக்குகளில் பலவற்றை அநியாயக்காரனுக்கும் அநியாயம் இழைக்கப்பட்டவனுக்கும் இடையிலான வழக்காகக் கொள்ள முடியாது; வீடிழந்த இரு குடும்பங்கள் ஒரே கூரைக்குக் கோரும் உரிமை அது.

2002 ஏப்ரலில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவருக்கும் புலிகளின் தலைவருக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடு மீள்குடியேற்றத்தை ஏற்றுக்கொண்டது. 2009 மே மாதம் போர் முடிவுற்ற பின்னரே பெருமளவிலானோர் திரும்ப முற்பட்டனர்.

நாட்டின் சட்டம்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட உறுதியினால் மட்டுமே செல்லுபடியாகும். எனவே ஓர் இயக்கத்தின் நிர்வாகம் கொடுத்த அனுமதியோ துண்டுச் சீட்டோ உடைமையை மாற்றாது. ஆயினும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் வேறொரு வாசலைத் திறந்து வைத்துள்ளது. உரியவருக்கு எதிராகவும் அவரது உரிமையை ஏற்காமலும், இடையூறின்றிப் பத்தாண்டுகள் காணியை ஆண்டவர் நீதிமன்றில் உரித்துக் கோரலாம். வயது குறைந்தோர், சித்த சுவாதீனமற்றோர், கடல் கடந்து வாழ்வோர் ஆகியோருக்கு அச்சட்டம் விலக்களித்தது. புத்தளத்தின் அகதி முகாமோ கடலுக்கு அப்பால் இல்லை! துப்பாக்கி முனையில் துரத்தப்பட்டவரும் அலட்சியத்தால் காணியைப் பாராமல் விட்டவரும் அச்சட்டத்தின் சொற்களில் ஒருவராகவே காணப்பட்டனர்.

இக்குறையை நீக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் உரிமையை நீதிமன்றில் நாட இயலாதிருந்தோருக்கு எதிராக அக்காலப்பகுதி கணக்கிடப்படலாகாது என்பதே அதன் சாரம். எனினும், 2009 மே மாதத்திலிருந்து எண்ணப்படும் பத்தாண்டுகளும் 2019இல் நிறைவுற்றுவிட்டன என்பதை, இன்னும் வாளாவிருப்போர் சிந்திக்க வேண்டும்.

ஷரீஆவின் பார்வை

காலம் கடப்பதால் உரிமை அழிவதில்லை என்பது பிக்ஹின் நிலைப்பாடு. உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டக்கோவை, பொதுவான வழக்குகளை விசாரிப்பதற்குப் பதினைந்து ஆண்டு எல்லை வகுத்தது. அது நீதிபதி வழக்கைச் செவியேற்பதற்கான எல்லையே அன்றி, உரிமைக்கான எல்லையன்று. மேலும் வாதி சிறுவராக இருந்த காலம், தொலைதேசத்தில் இருந்த காலம், எதிராளி அடக்கியாளும் வல்லமை பெற்றிருந்த காலம் ஆகியன கணக்கில் சேரா என்றும் அது விதித்தது. ஆதிக்கத்தின் அச்சத்தை ஒரு தடையாக அக்கோவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டது. நம் நாட்டுச் சட்டம் 2016 வரை அதைக் காணவில்லை.

இங்கு ஒரு வினா எழுப்பப்படுவதுண்டு. மக்கா வெற்றியின் பின் நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களின் பழைய வீடுகளைத் திரும்பக் கோரவில்லையே; அகீல் தமக்கு வீடு எதையும் விட்டுவைக்கவில்லை என்று கூறி, வேறிடத்தில் அன்றோ தங்கினார்கள்? அவ்வாறே வடபுல முஸ்லிம்களும் விட்டுக்கொடுத்தால் என்ன என்பதே அவ்வினா. விட்டுக்கொடுத்தல் உரியவரின் சிறப்பு. பிறர் அவர்மீது சுமத்தும் கடமையன்று. தம் பங்கை ஒருவர் மன்னிக்கலாம். அநாதைகளின் பங்கை அவர்தம் பொறுப்பாளர் மன்னிக்க இயலாது. வெளியேறிய தலைமுறையில் பலர் மறைந்துவிட்ட இன்றைய நிலையில் இது சிறிய விடயமன்று.

வாரிசுகளுக்கு இடையில்

1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரண சாசனமின்மை வழியுரிமைச் சட்டப்படி, காணி ஷரீஆ விகிதத்தில் பல வாரிசுகளுக்குச் செல்கிறது. சகோதரர் ஒருவர் ஊர் திரும்பி வீட்டைப் புதுப்பிக்க, சகோதரிகள் புத்தளத்திலேயே தங்கிவிடும் நிலையும் உண்டு. அவர் தனித்து ஆண்டதால் சகோதரிகளின் பங்கு அற்றுப் போகுமா? கொரேயா எதிர் அப்புஹாமி வழக்கில் 1911இல் பிரிவுக் கவுன்சில் அளித்த தீர்ப்பின்படி, பங்குடைமையாளர் ஒருவரின் ஆட்சி அனைவருக்குமான ஆட்சியே. மற்றவரின் உரிமையை மறுக்கும் வெளிப்படையான செயல் இன்றி அது மாறாது. ஷரீஆவின் தீர்ப்பும் இதற்கு முரணானதன்று. அந்நியரிடம் நீதி கேட்கும் நாம், உடன்பிறந்தவளின் பங்கைக் காலத்தின் பெயரால் விழுங்குதல் எங்ஙனம் தகும்?

தீர்வின் திசை

காணியில் வீடு கட்டியவரின் நிலையும் ஆராயத்தக்கது. அபகரித்தவன் நட்ட மரத்துக்கு உரிமையில்லை என்பது நபிமொழியின் கருத்து. ஆனால் நல்லெண்ணத்தில் பணம் கொடுத்து வாங்கி மேம்படுத்தியவர், தமக்கு விற்றவரிடம் இழப்பைக் கோரலாம் என்பர் சட்டவியலாளர். இலங்கையில் வழங்கும் ரோமன்-டச்சுச் சட்டமும், நல்லெண்ணத்தோடு செய்த பயனுள்ள மேம்பாடுகளுக்கு இழப்பீடு பெறும்வரை காணியைப் பிடித்து வைத்திருக்க இடமளிக்கிறது. ஆனால் கொடுத்தவர் மறைந்துபோன அல்லது கலைந்துபோன ஓர் அமைப்பாயின் இழப்பீட்டை யாரிடம் கேட்பது? உரியவரிடமே கேட்டால், தம் வீட்டை அவர் விலை கொடுத்து மீட்பதாகிவிடும்.

1995இல் கையெழுத்தான டேட்டன் உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பின் கீழ் பொஸ்னியாவில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. வீடுகளை மீட்பது குடும்பங்களின் தனிவழக்காக விடப்படவில்லை. அரச நிர்வாகத்தின் கடமையாக்கப்பட்டது. குடியிருந்தோரில் போக்கிடமற்றவர்களுக்கு மாற்றுத் தங்குமிடம் வழங்கும் பொறுப்பும் நிர்வாகத்தைச் சேர்ந்தது. அவ்வழியில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் வீடுகள் உரியவரிடம் திரும்பின.

இரு குடும்பங்களின் இழப்பையும் அவ்விரு குடும்பங்களே ஒன்றுக்கொன்று ஈடுசெய்யுமாறு விடுவது நீதியன்று. உடைமை உரியவரிடம் மீள வேண்டும். கூரையின்றி வெளியேறுபவரை அரசு தாங்க வேண்டும். அதுவரை நாம் செய்யத்தக்கது, எஞ்சியுள்ள உறுதிகளையும் பத்திரங்களையும் சாட்சிகளின் வாக்குமூலங்களையும் தாமதமின்றிப் பதிவு செய்வதே. உரிமை காலத்தால் அழிவதில்லை. அதை நிறுவும் ஆதாரங்களோ நாள்தோறும் அழிந்துகொண்டிருக்கின்றன.