சித்தியின் வளையலும் இரண்டு ஊசிகளும்

ஆவடியிலிருந்து காலை மின்சார ரயிலில் நீங்கள் ஒரு நாள் ஏறிப் பார்க்க வேண்டும். திருமுல்லைவாயில், அம்பத்தூர் தாண்டுவதற்குள் ஊர்ச் செய்தி முழுவதும் காதில் விழுந்துவிடும். புடவை விலை, பிள்ளையின் மார்க்கு, பெண்ணின் ஜாதகம் - இந்த வரிசையில் இப்போது ஓர் ஊசியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "வாரத்துக்கு ஒரு தரம் வயிற்றிலே போட்டுக்கிட்டா போதுமாம். உடம்பு தானா இளைச்சுடுமாம்!"

ஆவடியில் இருக்கும் என் சித்தி காதிலும் இது விழுந்துவிட்டது. சித்தப்பா டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சித்திக்கு எடை 80 கிலோ. சர்க்கரை வியாதி உண்டு. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலி. வருகிற தையில் பெண்ணுக்குக் கல்யாணம். எதிர் வீட்டு அம்மாள் ஊசி போட்டு இளைத்துவிட்டதைச் சித்தி தினமும் பார்க்கிறாள். போன வாரம் நான் போனபோது கை வளையல் இரண்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"நீதான் பத்திரிகைக்காரனாச்சே! அந்த ரெண்டு ஊசியிலே எது ஒசத்தின்னு விசாரிச்சுச் சொல்லுடா. அடகு வைக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும்" என்றாள்.

சித்திக்காக விசாரித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பல்லி சொன்ன ரகசியம்

நாம் சாப்பிட்டதும் குடலில் ஜி.எல்.பி.-1 என்று ஒரு சுரப்பு உண்டாகிறது. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது, இரைப்பையை மெதுவாகக் காலியாகச் செய்கிறது, மூளைக்குப் போய், "போதும், இலையை மடி!" என்கிறது. ஆனால் பாவம், அதன் ஆயுள் இரண்டொரு நிமிஷம்தான்.

அமெரிக்கப் பாலைவனத்தில் கீலா மான்ஸ்டர் என்று ஒரு விஷப் பல்லி இருக்கிறது. அதன் விஷத்தில் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும், ஆனால் சீக்கிரம் அழியாத ஒரு பொருளை 1992-ல் ஜான் எங் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். அதிலிருந்து பிறந்த சர்க்கரை வியாதி மருந்து 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றைய ஊசிகள் பல்லியிடமிருந்து வருபவை அல்ல. மனித உடம்பின் சுரப்பையே மாற்றியமைத்து, ஒரு வாரம் தாங்கும்படி செய்தவை.

எது ஒசத்தி?

முதலாவது செமாகுளூடைடு. எடைக் குறைப்புக்கென்று வீகோவி என்ற பெயரில் 2025 ஜூனில் இந்தியாவுக்கு வந்தது. இரண்டாவது டிர்செபடைடு, மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் வந்தது. முன்னது ஒரு சுரப்பைப் போல நடிக்கிறது, பின்னது ஜி.ஐ.பி. என்ற இன்னொன்றையும் சேர்த்து இரட்டை வேஷம் போடுகிறது.

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட பரிசோதனை 2025-ல் வெளிவந்தது. 751 பேர், 72 வாரங்கள். செமாகுளூடைடு போட்டவர்கள் சராசரியாக 13.7 சதவிகிதம் எடை குறைந்தார்கள். டிர்செபடைடு போட்டவர்கள் 20.2 சதவிகிதம்.

"அப்புறம் என்ன, இரண்டாவதுதான் ஜெயித்துவிட்டதே!" என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். அந்த 751 பேரில் சர்க்கரை வியாதிக்காரர்கள் கிடையாது. சர்க்கரை உள்ளவர்களிடம் தனித்தனியே நடந்த சோதனைகளில் எடை அவ்வளவு இறங்கவில்லை. செமாகுளூடைடுக்கு 9.6, டிர்செபடைடின் உச்ச அளவுக்கு 14.7 சதவிகிதம்தான். எதிர் வீட்டு அம்மாளுக்குச் சர்க்கரை கிடையாது, சித்திக்கு உண்டு. அவள் இளைத்த கணக்கு சித்திக்குப் பொருந்தாது. இந்தச் சோதனைகளில் எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடும் நடையும் சேர்த்தே சொல்லப்பட்டன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நிறுத்தினால்?

யாரும் கேட்காத கேள்வி இதுதான். செமாகுளூடைடு போட்டு இளைத்தவர்கள் மருந்தை நிறுத்திய பிறகு ஒரு வருஷம் கவனித்தார்கள். போன எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது! இது காய்ச்சலுக்குப் போடும் ஊசி மாதிரி அல்ல. ரத்த அழுத்த மாத்திரை மாதிரி. போடும் வரைதான் பலன்.

இப்போது பணத்தைப் பார்ப்போம். வந்த புதிதில் டிர்செபடைடின் 2.5 மில்லிகிராம் ஊசி 3,500 ரூபாய். மாதத்துக்கு நான்கு ஊசி, 14,000 ரூபாய். அது ஆரம்ப அளவுதான். அடுத்த படியான 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வீகோவியின் ஆரம்ப அளவு வந்தபோது மாதம் 17,345. 2025 நவம்பரில் 10,850 ஆகக் குறைத்தார்கள். செமாகுளூடைடின் இந்தியக் காப்புரிமைக்கு 2026 மார்ச் வரைதான் ஆயுள். அதற்குப் பின் பல கம்பெனிகள் அதைச் செய்யலாம் என்பதால், கடையில் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்வதே நல்லது. எந்த விலையானாலும் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். மாதக் கணக்கு வேண்டாம், வருஷக் கணக்கு!

இன்னும் சில விஷயங்கள். குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல் வரலாம்; அதனால்தான் சிறிய அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. குடும்பத்தில் தைராய்டுப் புற்றுநோய் உண்டா, தனக்குக் கணைய அழற்சி வந்ததுண்டா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்சுலினோ சில சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். கொழுப்போடு சதையும் கரைவதால் பருப்பு, முட்டை, மோர் என்று புரதம் குறையக் கூடாது, உடற்பயிற்சியும் வேண்டும். மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியே 30 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது. சித்திரை வெயிலில் ஆவடி வீடுகளின் சூடு உங்களுக்குத் தெரியாததா?

சித்தி கேட்ட கேள்வி

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சித்தி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எது ஒசத்திங்கறது கிடக்கட்டும். இந்த வளையல் எத்தனை மாசத்துக்குக் காணும்?" என்றாள்.

கணக்குப் போட்டோம். தை மாதத்தைத் தாண்டவில்லை.

மறுநாள் சித்தப்பாவோடு டாக்டரிடம் போனாள். அவர் முதலில் சர்க்கரை மாத்திரைகளை மாற்றினார்; ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். "உங்களுக்கு ஊசி பலன் தரலாம். ஆனால் கல்யாணத்துக்காக வேண்டாம், தொடர முடியுமானால் ஆரம்பிப்போம்" என்றாராம். சித்தப்பா பென்ஷனை வைத்துக்கொண்டு இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

வளையல் சித்தியின் கையிலேயே இருக்கிறது. மாலையில் எதிர் வீட்டு அம்மாளோடு நடக்கப் போகிறாள். அந்த அம்மாளிடம் போகிற வழியில் கேட்டாளாம்: "அது சரி, நீங்க எப்போ நிறுத்தறதா இருக்கீங்க?"

அந்த அம்மாள் அதைப் பற்றி அதுவரை யோசித்ததே இல்லையாம்!