சங்கு ஓயாமல் ஊதினால்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் காலமெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவருக்கு இடுப்பு வலித்தால், "மலை ஏறி இறங்கின உடம்பு, வலிக்கத்தான் செய்யும்" என்று தைலம் தேய்த்துவிடுவோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அறுபதைத் தாண்டிய ஆணுக்கு, ஓய்வெடுத்தும் விடாத இடுப்பு வலி, எலும்புக்குப் பரவிய புரொஸ்டேட் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

புரொஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. வாலிபத்தில் ஏறத்தாழ 20 கிராம் எடை. வயது ஏற ஏற அது பெருத்துக் குழாயை நெருக்கும். இரவில் பலமுறை எழும்ப வைப்பதும், சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவதும் அதனால்தான். இது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. புற்றுநோயோ ஆரம்பத்தில் ஒரு தொந்தரவும் தராமல் இருந்துவிடும்.

அதைக் கண்டறியத்தான் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை. விந்தை இளக்குவதற்காகப் புரொஸ்டேட் சுரக்கும் புரதம்தான் பி.எஸ்.ஏ. சுரப்பியில் கோளாறு வந்தால் இரத்தத்தில் கூடுதலாகக் கசியும். சாதாரண வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும்கூட ஏறும் என்பதால், எண்ணைப் பார்த்ததுமே பயப்பட வேண்டியதில்லை. ஊசியால் எடுத்த சதைத்துணுக்கை நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகே முடிவு. மெதுவாக வளரும் வகையானால் உடனே சிகிச்சை தொடங்காமல் கண்காணித்தே வருவார்கள். சுரப்பிக்குள் அடங்கியிருந்தால் சத்திரசிகிச்சையாலோ கதிர்ச் சிகிச்சையாலோ குணமாக்கலாம்.

பரவிவிட்டால்? 1941இல் சிக்காகோவில் வைத்தியர் சார்ள்ஸ் ஹகின்ஸ் ஒரு வழி கண்டார். விதைகளை அகற்றியதும் பல நோயாளிகளுக்குப் பரவிய புற்று சுருங்கியது, எலும்பு வலி தணிந்தது. விதைகள் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோனே அந்தப் புற்றுக்குத் தீனி. 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விதைகளை அகற்றாமலே சுரப்பை நிறுத்த முடியுமா? மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலமஸ், ஏறத்தாழ ஒன்றரை மணிக்கொருமுறை ஒரு ஹோர்மோனை விட்டுவிட்டு அனுப்புகிறது. அதைப் பெறும் பிட்யூட்டரிச் சுரப்பி, விதைகளை ஏவிவிடுகிறது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளையிலிருந்து அந்த ஹோர்மோனைப் பிரித்தெடுத்து, அது வெறும் 10 அமினோ அமிலங்களின் கோவை என்று 1971இல் காட்டியது விஞ்ஞானி அன்ட்ரூ ஷாலியின் குழு.

அதே ஹோர்மோனைப் போன்ற, அதைவிட வலுவான மருந்தை இடைவிடாமல் கொடுத்தால் என்ன ஆகும்? டெஸ்டோஸ்டெரோன் முதலில் சில நாள் ஏறும். அதைச் சமாளிக்க மாத்திரை கொடுப்பார்கள். மூன்று, நான்கு கிழமைக்குள் சுரப்பு அநேகமாக அடங்கிவிடும். தோட்டத்துச் சங்கு நேரத்துக்கு ஊதினால்தான் ஆட்கள் பெரட்டுக்குப் போவார்கள். நாள் முழுக்க ஊதினால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். பிட்யூட்டரியும் அப்படித்தான் கேட்பதை நிறுத்திவிடுகிறது.

கொசெரெலின் அத்தகைய மருந்து. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள சிறு குச்சியில் 3.6 மில்லிகிராம் மருந்து. வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியால் வைத்தால் 28 நாட்களுக்குக் கரைந்துகொண்டே இருக்கும். பக்கவிளைவாக உடம்பில் சூடு பரவும், எலும்பு மெலியும். காலப்போக்கில் புற்று இந்த மருந்துக்கும் அடங்காமல் போகலாம். ஆனாலும் பலருக்கு அது வலி குறைந்த வருடங்களைத் தருகிறது.

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்திருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், தேவைப்பட்டால் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. தைலம் தேய்த்தும் போகாத வலியை வைத்தியரிடம் காட்டுங்கள்.